வீட்டுப் பொருள்களின் ஆங்கிலப் பெயர்கள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் பழையபடி படிக்கவும் எழுதவும் தொடங்கிவிட்டீர்கள் என்ற செய்தி மனத்துக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது. நான் பணி ஓய்வு பெற்ற பின்னும் ஆங்கில வட்டார வழக்குகளைப் பற்றிய வாசிப்பை விட்டுவிடவில்லை. ஆகவே, வீட்டுப் பொருள்களுக்கான ஆங்கிலம்-தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்துவருகிறீர்கள் என்பதும், ஒரே பொருளுக்கு நாட்டுக்கொரு பெயர் வரும்போது எதைத் தலைச்சொல்லாக வைப்பது என்று என்னைக் கேட்டிருப்பதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தன. சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பிரிட்டன் ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவதோடு பல அகராதிகள் நிறுத்திக்கொள்கின்றன. பிரிட்டனில் டார்ச், அமெரிக்காவில் ஃப்ளாஷ்லைட் எனப்படும் கைவிளக்கைப் போல, அண்மைக் காலத்தில் வந்து கடலின் இரு கரைகளிலும் தனித்தனியே பெயர் பெற்ற பொருள்களுக்கு அந்தப் பிரிவு போதும். ஆனால், தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் புழங்கிவரும் வாளி, சட்டி, அலமாரி ஆகியவற்றுக்கு அது போதவே போதாது. அவற்றின் பெயர்களைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் முன்பே அடுக்களையில் பெரியவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். அதனால் அந்தப் பெயர்கள், குடும்பங்கள் குடிபெயர்ந்த வழியே சென்று, அவர்கள் நிலைகொண்ட இடத்தில் வேரூன்றிவிடுகின்றன.

மொழியியலாளர் ஹான்ஸ் குராத் 1949-இல் வெளியிட்ட, கிழக்கு அமெரிக்கச் சொற்களை நிலப்படங்களில் காட்டும் நூல் இதைத் தெளிவாக்குகிறது. வாளியை வடக்கே பெயில் என்றும், அதற்குத் தெற்கே பக்கெட் என்றும் சொன்னார்கள். தண்ணீர்க் குழாய் வடக்கே ஃபாசெட். பென்சில்வேனியாவிலிருந்து தெற்கு நோக்கிப் போனால் ஸ்பிகாட். இந்த எல்லைகள் மாநில எல்லைகளோடு பொருந்துவதில்லை. எந்தக் குடியேறிகள் எந்தப் பாதையில் உள்நாட்டுக்குள் நகர்ந்தார்கள் என்பதோடுதான் பெரிதும் பொருந்துகின்றன. அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வறுக்கும் சட்டியின் பெயர். பல இடங்களில் ஸ்கில்லெட் எனப்படும் அதே இரும்புச் சட்டியை அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்திலும் வேறு சில பகுதிகளிலும் ஸ்பைடர், அதாவது சிலந்தி, என்றார்கள். கணப்பில் எரியும் தணலின்மேல் நிற்பதற்காக அந்தச் சட்டிக்கு ஒரு காலத்தில் மூன்று நீண்ட கால்கள் இருந்தன. தட்டையான மேற்பரப்புள்ள அடுப்பு வந்ததும் கால்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கால்கள் நீங்கிய சட்டியையும் மக்கள் பல காலம் சிலந்தி என்றே அழைத்தார்கள்.

அயர்லாந்தில் அடுக்களை அலமாரியைப் பிரெஸ் என்பார்கள். ஸ்காட்லாந்திலும் அவ்வழக்கு உண்டு. வெந்நீர்த் தொட்டியை உள்ளே வைத்து, அதன் வெப்பத்தில் துவைத்த துணிகளின் ஈரம் போகும்படி அடுக்கிவைக்கும் அலமாரிக்கு அயர்லாந்தில் ஹாட் பிரெஸ் என்று பெயர். இங்கிலாந்தில் அதுவே ஏரிங் கப்போர்டு. இதை அயர்லாந்தினரின் கொச்சைப் பேச்சு என்று ஒதுக்குபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அலமாரி என்ற பொருளில் பிரெஸ் என்பது ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் வழங்கிய சொல். இங்கிலாந்தின் பொதுவழக்கு அதைக் கைவிட்டது, அயர்லாந்து காப்பாற்றி வைத்தது. கீசரின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து பெயர் பெற்று, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எரிவாயு வெந்நீர்க் கருவிக்கு இடப்பட்ட அந்தச் சொல் அங்கே பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மின்சாரக் கருவிக்கும் அதே பெயர் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

வணிகமும் பெயர் தருகிறது. ஆஸ்திரேலியாவில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் சேர்த்து மான்செஸ்டர் என்கிறார்கள். பருத்தித் துணி கப்பலேறி வந்த நகரத்தின் பெயர் அது. பிரிட்டனில் டூவே எனப்படும் பஞ்சடைத்த போர்வை, ஒரு வணிகப் பெயரால் ஆஸ்திரேலியாவில் டூனா ஆயிற்று. கனடாவில் சோபாவுக்கு வழங்கிய செஸ்டர்ஃபீல்ட் என்ற சொல் முதியவர்களிடமே தங்கி, இளையவர்களிடம் கவுச் என்பதற்கு இடம் கொடுத்துவிட்டது.

இச்சொற்களைத் திரட்டிய முறையையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 இடங்களில் களப்பணி நடந்தது. அமெரிக்காவில், வட்டார ஆங்கில அகராதி ஒன்றுக்காக ஃபிரெடெரிக் காசிடி தலைமையில், 1965-க்கும் 1970-க்கும் இடையே, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்ட மாணவர்களும் ஆய்வாளர்களும் 1,002 ஊர்களுக்குச் சென்றார்கள். அந்த அகராதியின் முதல் தொகுதி 1985-இலும் ஐந்தாம் தொகுதி 2012-இலும் வெளிவந்தன. பொருளின் பெயரைக் கேட்பவர் தாமே சொல்லிவிட்டால் பதில் கெட்டுவிடும் என்பதால், பொருளைச் சுட்டியோ வருணித்தோதான் கேட்டார்கள். கட்டிலுக்கு அடியில் மென்மையாகச் சுருண்டு சேரும் தூசியை என்னவென்று சொல்வீர்கள் என்பது அமெரிக்கக் கேள்விகளுள் ஒன்று. முயற்குட்டி, பூனைக்குட்டி, வீட்டுப் பாசி என்றெல்லாம் பொருள்படும் பெயர்கள் பதிலாகக் கிடைத்தன. எந்தக் கடையிலும் விற்காத, எந்த விளம்பரத்திலும் வராத பொருள் என்பதால், அதற்கு ஒரே பெயரைச் சூட்டிப் பரப்ப யாரும் இருக்கவில்லை. அந்தப் பகுதியை நான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லா நாட்டினருக்கும் விளங்கும் சொல் இருந்தால் அதையே தலைச்சொல்லாக வையுங்கள். வறுக்கும் சட்டிக்கு ஃப்ரையிங் பேன் என்பது எங்கும் புரியும். அதன் கீழே ஸ்கில்லெட், ஸ்பைடர் ஆகியவற்றை இடக்குறிப்புடன் தாருங்கள். வழக்கொழிந்துவரும் சொல்லாயின் காலக்குறிப்பும் வேண்டும். இல்லையேல் செஸ்டர்ஃபீல்டைக் கனடாவின் இன்றைய பொதுச்சொல் என்று படிப்பவர்கள் நம்பிவிடுவார்கள். ஹாட் பிரெஸ் போல, பொருளே சில நாட்டு வீடுகளில் மட்டும் இருக்குமானால், அதற்குத் தனிப் பதிவு கொடுத்து, பொருளை இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள். ஒற்றைத் தமிழ்ச் சொல்லுக்குள் அதைத் திணிக்க முயல வேண்டாம்.

நான் குறித்துவைத்திருக்கும் சமையலறைச் சொற்களை இடவாரியாகப் பிரித்துப் படி எடுத்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் அஞ்சலில் அனுப்புகிறேன். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்