648 மில்லிமீட்டர்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று ராத்திரி தம்பி ஒரு படம் காட்டினான். மேசைமேல் நீ செய்துகொண்டிருக்கும் கிடார் பாடி, அதன் ஓரத்தில் உன் கை. பாடியைத்தான் பார்த்தேன் என்று அவனிடம் சொன்னேன். கட்டைவிரலில் வெள்ளையாகச் சுற்றியிருக்கிறதே, அது என்ன?

சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அன்று போனில் பேசியதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. அம்மாவிடமும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்களுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாதே அப்பா என்பாய். ஃபெண்டர் கிடார்களை உருவாக்கிய லியோ ஃபெண்டருக்கும் கிடார் வாசிக்கத் தெரியாது, அவர் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர் என்று எனக்குச் சொன்னதே நீதான்.

இரண்டு பலகையை ஒட்டிச் செய்திருக்கிறாய். ஒட்டு எங்கே இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கித் தேடினேன். கண்ணுக்குத் தெரியவில்லை. நார் ஓடும் திசை ஓர் இடத்தில் மாறுகிறது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒளி புகாமல் ஒட்டுகிற அளவுக்கு ஓரத்தை இழைக்க எனக்கு எத்தனை வருஷம் பிடித்தது என்று உனக்கே தெரியும். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் அந்தப் படத்தைக் காட்டிவிட்டேன். தம்பிக்கு அனுப்பிய படத்தை எனக்கும் அனுப்பியிருக்கலாம். போகட்டும்.

பாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மேல் கொம்பின் உள்வளைவில் ஓர் இடம் பிய்ந்து வந்திருக்கிறது. நகம் அளவுக்குத்தான். ஆனால் அது உளி வேலை இல்லை, மரத்தைக் குடையும் ரூட்டர் மெஷின் வேலை. ரூட்டர் ஒரு சில்லைக் கடித்துப் பிடுங்கும்போது மெஷின் ஒரு குதி குதிக்கும். அப்போது கை எங்கே இருந்தது என்பதுதான் என் கேள்வி.

அதனால் ரூட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாடியின் வடிவத்தை ரூட்டரால் வெட்டாதே. ஜிக்சா ரம்பத்தால் கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியிலேயே அறுத்துவிடு. ரூட்டருக்கு மிச்சம் இருப்பது அந்த இரண்டு மில்லிமீட்டர் மட்டும்தான். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழிகளில் பெரிய துளைகளாகப் போட்டு முக்கால்வாசி மரத்தை முதலில் வெளியே எடுத்துவிடு. அப்புறம் டெம்ப்ளேட்டை வைத்து, ஒரு தடவைக்கு நான்கைந்து மில்லிமீட்டர் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். மேலே இருந்து பார்க்கும்போது வெளி ஓரத்தில் இடஞ்சுழியாகப் போகவேண்டும், குழிக்குள்ளே வலஞ்சுழியாக. மாறிப் போனால் மெஷின் உன்னை இழுத்துக்கொண்டு ஓடும். கொம்பின் வளைவில் நார் குறுக்கே வரும். அங்கே இன்னும் மெதுவாக, இன்னும் குறைவாக எடு. இரண்டு கையும் மெஷின்மேல்தான் இருக்கவேண்டும், மரத்தைப் பிடிக்கக் கிளாம்ப் இருக்கிறது. பிட்டை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடு. சுவிட்சை அணைத்ததும் கீழே வைக்காதே, சுற்றுவது நிற்கட்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தவர்கள் கைதான் வெட்டுப்படும்.

கண்ணாடியும் முகமூடியும் போடுகிறாயா? விரல் வைக்கும் ஃபிரெட்போர்டுக்கு வரும் ரோஸ்வுட் மாதிரியான மரங்களின் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒத்துக்கொள்ளாது. உனக்குச் சின்ன வயசிலேயே இழைப்புத்தூள் பட்டால் தும்மல் நிற்காது.

கிடாரின் கழுத்தான நெக்கையும் நீயே செய்யப்போகிறாய் என்று தம்பி சொன்னான். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனாலும் சொல்கிறேன், முதல் கிடாருக்கு வேண்டாம். செய்து முடித்த நெக் ஒன்றை வாங்கிக்கொள். பாடியில் இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் அது அழகுக் குறை, அவ்வளவுதான். நெக்கின் குறுக்கே பதிக்கும் ஃபிரெட் பட்டிகளின் வரிசையில் அரை மில்லிமீட்டர் தப்பினால் அது காதில் விழும். 648 மில்லிமீட்டர் கம்பி நீளத்துக்கு முதல் ஃபிரெட், நெக்கின் தலைப்பக்கம் கம்பி தொடங்கும் நட்டிலிருந்து 36.37-ல் வரவேண்டும். மீதி நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் அடுத்தது. இப்படியே ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வெட்டும் 0.6 மில்லிமீட்டர் அகலத்தில். இந்தக் கணக்கை நீதான் பட்டறைச் சுவரில் எழுதிவைத்தாய். இன்னும் இருக்கிறது, வெள்ளையடிக்க வந்தவர்களை அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். இரண்டாவது கிடாருக்கு நெக்கும் செய். செய்வாய், எனக்குத் தெரியும்.

நெக் கையில் வந்த பிறகுதான் அது உட்காரும் பாக்கெட்டை வெட்டவேண்டும். படத்தில் உள்ள அளவை நம்பி வெட்டாதே. கம்பிகளைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜ், பிக்கப், நெக் மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் ஒரு தாளில் வரை. பாக்கெட் 16 மில்லிமீட்டர் ஆழம் என்பது வழக்கம். ஆனால் உன் பிரிட்ஜ் எவ்வளவு உயரம் என்று வழக்கத்துக்குத் தெரியாது. நெக்கை உள்ளே வைத்துப் பாடியைத் தூக்கினால், திருகு இல்லாமலே நெக் விழாமல் நிற்கவேண்டும். அடித்து இறக்கும் அளவுக்கு இறுக்கமும் கூடாது, பெயின்ட் விரிசல் விடும். திருகுக்கு முதலில் சரியான அளவில் துளை போட்டு, மெழுகைத் தடவி இறக்கு. சுருதிக் குமிழ்களின் குட்டித் திருகுகள் இருக்கிறதே, அவை கெட்டி மரத்தில் தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.

ஆறு கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 45 கிலோ இழுவை. ஒரு பிள்ளையைத் தூக்கி நெக்கில் தொங்கவிட்ட மாதிரி. அதனால்தான் உள்ளே அந்த இரும்புக் கம்பி, டிரஸ் ராட். டிரஸ் ராடைத் திருப்பினால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதே. திருப்பிவிட்டுக் கொஞ்சம் பொறு, மரம் யோசித்துத்தான் நகரும்.

வயரிங்கில் உனக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. பிரிட்ஜுக்கு அடியில் போகிற எர்த் வயரை மட்டும் பிரிட்ஜைத் திருகுவதற்கு முன்பே விட்டுவிடு, பிறகு துளை போட இடம் கிடைக்காது.

க்வீன் இசைக்குழுவின் கிடார்காரர் ப்ரையன் மே பற்றி நீ சொன்னதை நேற்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1963-ல் அப்பாவும் மகனும் சேர்ந்து ஆரம்பித்து, இரண்டு வருஷம் போல வீட்டிலேயே செய்த கிடார். நெக்குக்குப் பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்களாம். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான். அந்தக் கிடாரையே அவர் இன்றுவரை வாசிக்கிறார் என்று சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது! மகன் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இசைக்குப் போனது அந்த அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாய். அந்த இடம் வந்ததும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். தாகம் இல்லை.

இனி பிரிட்ஜ். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றி வந்துவிட்டேன்.

நெக்கைத் திருகின பிறகுதான் பிரிட்ஜுக்குக் குறி போடவேண்டும். டேப்பை நீட்டி 648 என்று அளக்காதே. நட்டிலிருந்து 12-ஆம் ஃபிரெட் வரை அள. அதே நீளம் அந்த ஃபிரெட்டிலிருந்து, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் வரை. இரண்டும் 324. இரண்டு தடவையும் இரும்பு அளவுகோலால் அள, டேப்பால் வேண்டாம். மெல்லிய கம்பியின் சேடில் அந்தக் கோட்டில் இருக்கட்டும். தடித்த கம்பிக்கு இன்னும் சில மில்லிமீட்டர் பின்னால் தேவைப்படும், அதற்குப் பின்னால் நகர இடம் விட்டுப் பிரிட்ஜை வை. துளை போடுவதற்கு முன் இரண்டு நூலை எடுத்து, நட்டின் இரண்டு ஓரக் காடியிலிருந்தும் பிரிட்ஜ் வரை இழுத்துக் கட்டு. நெக்கின் இரு ஓரத்திலும் ஒரே அளவு இடைவெளி தெரிகிறதா என்று பார். அப்புறம் ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலையில் மறுபடி அளந்துவிட்டுத் துளை போடு.

டேப்பால் ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா?

உன் பதினேழாவது வயதில் செய்த அந்தக் கிடார். பாக்கெட் கோணலாகப் போகிறது என்று உன் கையிலிருந்து உளியை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன் என்று எழுதுகிறேன், பிடுங்கினேன். தள்ளு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீ போய்ப் படுத்துவிட்டாய். விடிவதற்குள் முடித்தேன். பிரிட்ஜுக்கு நீ ஏற்கெனவே குறி போட்டிருந்தாய், கூர்மையான பென்சிலில் ஒரு கோடு, நடுவில் ஒரு சின்னப் பெருக்கல். என் டேப்பின் நுனிக் கொக்கி ஆடும், அதனால் எப்போதும் ஒரு சென்டிமீட்டர் கோட்டில் வைத்து அளந்து, பிறகு ஒன்றைக் கழிப்பேன். அன்று கழிக்க மறந்துவிட்டேன். உன் கோடு ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருப்பதாகத் தெரிந்தது. ரப்பரால் அழித்துவிட்டு என் கோட்டில் துளை போட்டேன்.

12-ஆம் ஃபிரெட்டில் சுருதி ஏறிப்போய் நின்றது. சேடில்களைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியும் சேரவில்லை. நீ என்னைப் பார்த்தாய். மரவேலைதான் என்னுடையது, அளவு உன்னுடையது என்று சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. அந்தக் கிடாரைச் சுவரில் மாட்டினாய், அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நீ வேலைக்குப் போன வருஷம் தூசி தட்ட அதை இறக்கினேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தபோது எண்ணெய் பூசின மரத்தில் உன் கோடு தெரிந்தது. பென்சில் கரி போயிருந்தது, அழுத்தின பள்ளம் போகவில்லை. அளந்தேன். உன் கோடு 648. என் துளை 638.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்கவேண்டும். கூப்பிடவில்லை. வீட்டில் எதை அளந்தாலும் 'அவள் அளவா?' என்று கேட்டுச் சிரிப்பது பழக்கமாகிவிட்டிருந்தது. நீயும் கூடவே சிரிப்பாய். நானும் சிரித்தேன், தெரிந்த பிறகும். அன்று போனில் உனக்கு அளவெடுக்கவே வராது, இதை நம்பியா வேலையை விட்டாய் என்று கேட்டேனே, அதுவும் தெரிந்துகொண்டே கேட்டதுதான். எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதிவிட்டேன். அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டப்போகிறேன். தம்பியிடமும்.

பழைய துளைகளை அதே மரத்தில் குச்சி சீவி, பசை வைத்து அடைத்துவிட்டேன். நார் பார்த்துத்தான் வைத்தேன், கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். உன் பள்ளத்தின் மேலேயே பென்சிலை ஓட்டிக் கோட்டை எடுத்திருக்கிறேன். புதுத் துளை போடவில்லை. நூல் கட்டி வைத்திருக்கிறேன். நீ வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் போடலாம், இல்லை நீயே போடு.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: கண்ணாடியில் எடுத்த படம் என்கிறான் தம்பி, அதனால் எந்தக் கை என்று தெரியவில்லை. கட்டைவிரல் இடதா வலதா, தையல் போட்டார்களா? வேறு எதுவும் எழுத மனம் வராவிட்டால் இதை மட்டுமாவது எழுது.