நாகேஷைக் குண்டாக்கியது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

"நாகேஷ் ஒல்லிக்குச்சின்னு சொன்னீங்க, பார்த்தா கன்னம் உப்பியிருக்காரே?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். ஆனால் குற்றவாளி நாகேஷ் இல்லை, உன் டிவி.

அந்தக் காலத்துப் படச்சட்டம் ஏறக்குறைய 4:3, அதாவது அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு. உன் டிவி 16:9. சட்டத்தைத் திரை முழுக்க இழுத்து நிரப்பினால் அகலம் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. நாகேஷ் தேறிவிடுவார். ஏற்கெனவே தேறியிருந்த எஸ்.வி.ரங்காராவ் சோபாவில் இடம் போதாமல் தவிப்பார். சந்தேகம் வந்தால் திரையில் வட்டமான பொருள் ஒன்றைத் தேடு. சுவர்க் கடிகாரம், கார் சக்கரம், நிலா எதுவானாலும் சரி. நிலா முட்டை மாதிரி படுத்திருந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போய் 4:3 வை. கணினியில் வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயர் என்றால் 'ஏ' எழுத்தைத் தட்டத் தட்ட அளவுகள் மாறிக்கொண்டே வரும், 4:3 வந்ததும் நிறுத்து. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அது பழுதில்லை, அங்கே படமே கிடையாது.

இழுப்பதைவிடக் கொடுமை ஒன்று உண்டு, 'ஜூம்'. முகம் ஒழுங்காக இருக்கும், அதனால் சந்தேகமே வராது. ஆனால் மேலும் கீழுமாகப் படத்தின் உயரத்தில் கால்பங்கு போயிருக்கும். புராணப் படத்தில் அரசருக்குக் கிரீடம் பாதிதான் தெரியும். பத்மினி ஆடுவார், பாதம் தெரியாது. பரதநாட்டியத்தை முழங்காலோடு நிறுத்திவிட்டு "அந்தக் காலத்து டான்ஸ் என்ன பெரிசு" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? கோப்பே இப்படி வெட்டப்பட்டிருந்தால் எந்தப் பட்டனும் உதவாது, வேறு பிரதி தேடு.

ஆனால் எல்லாப் பழைய படத்துக்கும் 4:3 போட்டுவிடாதே. 1973இல் 'ராஜராஜ சோழன்' வந்தது, தமிழின் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம். அந்த ரகத்தில் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. அதை 4:3க்குள் வெட்டினால் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். இரண்டு பேர் பேசும் காட்சியில் இரண்டு மூக்கும் நடுவில் ஒரு தூணும் மிஞ்சும்.

அடுத்தது குரல். டி.எம்.எஸ். கீச்சென்று ஒலிக்கிறார் என்றாயே, அதற்கும் காரணம் இருக்கிறது. ஃபிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) ஓடும். நம் டிவியும் வி.சி.டி.யும் கடைப்பிடித்த 'பால்' முறையில் 25 (கறக்கிற பால் இல்லை). கூடுதல் ஒரு ஃப்ரேமை எங்கே தேடுவது? படத்தையே நாலு சதவீதம் வேகமாக ஓட்டிவிட்டார்கள். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். ஆர்மோனியத்தில் கூடவே வாசித்துப் பார், பாட்டு இரண்டு கட்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். வேகத்தை 0.96 ஆக்கினால் சரியாகும். ஆனால் வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடித்து வைக்கும் வசதி பிளேயரில் இருக்கும். முதலில் அதை அணைத்துவிடு, இல்லாவிட்டால் மெதுவாகப் பாடும் அதே கீச்சுக்குரல்தான் கேட்கும்.

"தங்கவேலு பெயர் டைட்டிலில் இருக்கு, ஆளைக் காணோம்" என்ற புகாருக்குக் கணக்குப் போட வேண்டும். படத்துக்கு முன்னால் வரும் சென்சார் சான்றிதழை நிறுத்திப் படி. நீளம் மீட்டரில் இருந்தால் 27.4ஆல் வகு, அடியில் இருந்தால் 90ஆல் வகு. நிமிடம் கிடைக்கும். 4,800 மீட்டர் என்றால் 175 நிமிடம். 'பால்' வேகத்துக்கு ஏழு கழித்தால் 168. உன் கோப்பு 135 நிமிடம்தான் ஓடுகிறதா? அரை மணிக்கு மேல் யாரோ கத்தரி போட்டிருக்கிறார்கள். முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் காமெடி டிராக். பல படங்களில் அது கதையோடு ஒட்டாமல் தனி வண்டியாக ஓடும், எடுத்தால் தையல்கூடத் தெரியாது. கதாநாயகன் அழுவதை மட்டும் ஒரு ஃப்ரேம் விடாமல் வைத்திருப்பார்கள்.

வசனம் திடீரென்று எகிறினால் அது வேறு விஷயம். வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னுகிறதா பார். ரீல் முடிய எட்டு நொடி இருக்கையில் ஒன்று, ஒரு நொடி இருக்கையில் இன்னொன்று, அடுத்த ரீலுக்கு மாறச் சொல்லி தியேட்டர் ஆபரேட்டருக்கான சைகை. 2,000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். ரீலின் நுனிதான் அதிகம் அடிபடும், அறுந்ததை ஒட்டும்போதெல்லாம் சில ஃப்ரேம் போகும். பாதி வார்த்தை அங்கேதான் விழுங்கப்படுகிறது, நடிகர் மறந்ததால் இல்லை.

டைட்டில் கார்டைத் தள்ளிவிடாதே. ஆரம்பக் கால டைட்டில்களில் எம்.ஜி.ஆர். 'ராம்சந்தர்' என்று வருவார். டி.ஆர்.ராமச்சந்திரன் என்று முட்டைக்கண்ணோடு இன்னொரு நட்சத்திரம் ஏற்கெனவே இருந்தார். ராமசாமிகள் கதை இன்னும் மோசம்: வி.கே., ஃப்ரெண்ட், புளிமூட்டை, பிறகு சோ. இதில் வி.கே.ராமசாமியின் வயதை வைத்துப் பந்தயம் கட்டாதே. 1926இல் பிறந்தவர், 1947இல் 'நாம் இருவர்' படத்தில் கிழவர் வேஷம் போட்டார். இருபத்தொரு வயது!

எல்லாம் சரிசெய்தபின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தைப் போடு. முதல் தடவை நாகேஷைப் பார். இரண்டாம் தடவை கண்ணை பாலையாவை விட்டு எடுக்காதே. கதை சொல்பவருக்குச் சமமாக, கேட்பவர் உட்கார்ந்த இடத்திலேயே நடித்துக்கொண்டிருப்பார். என்னைக் கேட்டால் அந்தக் காட்சியில் பெரிய பங்கு அவருடையது, நாகேஷ் ரசிகர்கள் சண்டைக்கு வரட்டும். மூன்றாம் தடவை திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேள்.

4:3 வைத்து, நிலாவும் வட்டமாகி, அதன் பிறகும் ஆள் குண்டாகவே தெரிந்தால் அது புளிமூட்டை ராமசாமி. ரிமோட்டைக் கீழே வைத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்