எங்கள் வார்டுக்கு வந்தவர்களுக்கு நன்றி

காயம்பட்ட வீரர்களுக்கு உதவ, இந்தப் போர்க்காலத்தில் எங்கள் ராணுவ மருத்துவமனைக்கு வந்துபோன தொண்டர்களுக்கு வணக்கம்.

முதல் நன்றி, எதையும் துருவிக் கேட்காமல் இருந்ததற்கு. "எப்படி அடிபட்டது?" என்று உங்களில் எவரும் வாயெடுக்கவில்லை. சொல்ல விரும்பியவர்கள் தாமாகவே சொன்னார்கள். மற்றவர்களோடு நீங்கள் சதுரங்கம் ஆடினீர்கள். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பாமல், கால்மாட்டில் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழைத்தீர்கள். குண்டுவெடிப்பில் செவிப்பறை கிழிந்தவர்களிடம் கத்தாமல், எதிரே உட்கார்ந்து உதடு தெரியப் பேசினீர்கள்.

தச்சரைத் தனியே சொல்ல வேண்டும். வெட்டி எடுக்கப்பட்ட கால் எரிகிறது என்று ஒருவர் துடிக்கும்போது அது கற்பனை அல்ல, உண்மையான வலி. அதற்கு நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடி முறையை அறிமுகப்படுத்தினார். இருக்கும் காலின் பிம்பம், இழந்த காலின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்து, அதைப் பார்த்தபடியே காலை அசைக்க வேண்டும். எல்லோருக்கும் வலி குறைந்துவிடுவதில்லை; குறைந்தவர்களின் முகத்தை நீங்களே பார்த்தீர்கள். பிசியோதெரபிஸ்ட் கேட்டதும் நீளமான கண்ணாடிகளுக்குச் சட்டமிட்டுச் சக்கரமும் பொருத்தித் தந்தார் தச்சர். முகத்தில் தீக்காயம் பட்டவர்களின் கட்டில்களைக் கடந்துதான் அவற்றை உருட்டிச் செல்ல வேண்டும் என்று கவனித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரையும் தைத்து வாங்கி வந்தார். அது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

கை இழந்தவர்களுக்குக் கடிதம் எழுதித் தந்தவர்களே, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினீர்கள். வீரவசனம் எதுவும் சேர்க்கவில்லை. வலக்கை போனவர்களை இடக்கையால் எழுதப் பழக்கிய ஆசிரியைக்கு, அவரை விரட்டி விரட்டி வீட்டுப்பாடம் கேட்கும் மாணவர்கள் சார்பிலும் நன்றி. புகைப்படக்காரரோடு வந்து உடனே கிளம்பியவர்களுக்கும் நன்றி. பழங்கள் நன்றாக இருந்தன.

இரவில் கூட உட்கார்ந்திருந்தவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். போடவில்லை.

வார்டு இன்னும் காலியாகவில்லை. ஞாயிறு பிற்பகலில் ஆள் போதவில்லை. தாடை கட்டப்பட்டவர்களுக்கு வளையும் உறிஞ்சுகுழல்களும், ஒரு கையால் பக்கம் புரட்ட உதவும் புத்தகத் தாங்கிகளும் வேண்டும். வருகிறவர்கள் முதலில் வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.

அன்புடன்,
தொண்டர் ஒருங்கிணைப்பாளர்