சித்தப்பா கிட்டாருக்கு ஒரு பார்

மாப்ளே,

எப்படி இருக்கிறாய்? இங்கே குறுவை அறுப்பு முடிந்து தெருவெல்லாம் வைக்கோல் வாசனை. சித்தப்பா 1978-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் கிட்டார் ஞாபகம் இருக்கிறதா, காலேஜ் ஆண்டுவிழாவில் நீ வாசித்தாயே, ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் அச்சில் செய்தது? அதன் ட்ரெமலோ பார், கையால் அழுத்திச் சுருதியை அசைக்கும் கம்பி, பிரிட்ஜுக்கு அடியிலிருக்கும் பிளாக் என்ற உலோகக் கட்டிக்குள்ளேயே முறிந்து நாலு வருஷமாகப் பரணில் கிடந்தது. போன வாரம்தான் விடிவு வந்தது.

முதலில் அவசரப்பட்டு, தந்திகளைத் தாங்கும் முழு பிரிட்ஜையும் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். ஆணித் துளைகள் பொருந்தவே இல்லை. நம்முடையதில் முதல் ஆணிக்கும் ஆறாவதுக்கும் நடுவே 56 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், ஃபெண்டரின் பழைய அளவு, வந்ததோ 52.5. கிட்டார் உடம்பில் புதுத் துளை போட மனசு வரவில்லை.

சரி, பார் மட்டும் போதும் என்று தேடினால் அதில்தான் பெரிய குழப்பம். அமெரிக்க ஃபெண்டர் பாரின் மரை அங்குலக் கணக்கு: அங்குலத்துக்கு 32 சுற்று, கனம் 4.83 மி.மீ. நம்முடையது மெட்ரிக், 5 மி.மீ., சுற்றுக்குச் சுற்று 0.8. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், அமெரிக்கப் பார் நம் பிளாக்கில் ஏறவும் ஏறும், ஆனால் லொடலொடவென்று ஆடி ஆடியே பிளாக்கின் மரையைத் தின்றுவிடும். உன் பழைய கிட்டாருக்கு எது வாங்கினாலும் முதலில் வெர்னியரில் அளந்துவிடு.

கடைசியில் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு கடையும் பட்டறைக்கே பிளாக்கை எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடித் துளைக்குள் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் முறிந்த துண்டின் நடுவில் மெல்லிசாகத் துளை போட்டு, இடப்பக்கமாகத் திருகித் திருகி வெளியே எடுத்தார், மரையில் ஒரு கீறல் இல்லை. பித்தளை வளைந்துவிடும், எஃகுதான் சரி என்று அவரே சொல்லி, 6 மி.மீ. கம்பியின் நுனியை 5-க்குக் கடைந்து மரை போட்டு, பழைய பாரைப் பார்த்தே வளைத்தும் கொடுத்தார்.

தந்திகளுக்கு எதிராகப் பிளாக்கை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் துருப்பிடித்திருந்தன, அவற்றை எறிந்துவிட்டுப் புதிதாக மூன்று மாட்டினேன். ஐந்துக்கு இடம் இருக்கிறது, மூன்றே தாங்குகிறது.

ட்ரெமலோ என்றால் சத்தம் ஏறி இறங்குவது, இந்தப் பார் அசைப்பதோ சுருதியை. ஃபெண்டர் 1954-இல் வைத்த தப்பான பேர் அப்படியே நிலைத்துவிட்டது. நேற்று ராத்திரி ஒரு ஸ்வரத்தில் நின்று பாரை லேசாக அழுத்தி விட்டேன். நாதஸ்வரக் கமகம்போல இழைந்து இறங்கி, சுருதி கலையாமல் திரும்பி வந்தது. திண்ணையில் படுத்திருந்த சித்தப்பா எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

தீபாவளிக்கு வரும்போது உன் ஆம்ப்பையும் எடுத்து வா.