காய்ந்த பிறகுதான் கலர்

மதுரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் கொண்டுவரும் பரபரப்புக்கு நடுவில், சிவகாசியில் நீ 44 இன்ச் இங்க்ஜெட் மெஷினும் வாங்கிப் போட்டுவிட்டாய்! ரொம்ப சந்தோஷம். ஆனால், பேப்பரோடு வந்த ப்ரொஃபைலைப் போட்டும் சேலைக் கலர் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அது என்னை விடவில்லை.

போன தை மாதம் நானும் அப்படித்தான் தவித்தேன். கல்யாணப் படம் ஒன்று, 24க்கு 36 இன்ச், மேட் காட்டன் பேப்பரில். பெண்ணின் அரக்குப் பட்டு பிரிண்டில் செங்கல் நிறமாக வந்தது. கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றி இறக்கும் கர்வ்ஸை இழுத்துச் சேலையைச் சரி செய்தால் முகத்தில் பச்சை ஏறியது. நாலு பிரிண்ட் வீண். படத்தில் ஒரு குறையும் இல்லை. என் மெஷினில், இந்த மை இந்தப் பேப்பரில் விழுந்தால் என்ன நிறம் காட்டும் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதை அளந்து சொல்வதுதான் ப்ரொஃபைல்.

நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். மென்பொருளுக்குக் காசில்லை, ஆர்கில் என்று இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் நாசில் செக், அதாவது மை வரும் துளை எதுவும் அடைத்திருக்கிறதா என்று கோடு போட்டுப் பார்ப்பது. ஒரு கோடு விட்டுப்போயிருந்தாலும் மேலே போகாதே. அப்புறம் மீடியா டைப், அதாவது எந்த வகைப் பேப்பர் என்று டிரைவரில் சொல்வது. எவ்வளவு மை இறங்க வேண்டும், எந்தக் கறுப்பு என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மேட் பேப்பரில், பளபளப் பேப்பருக்கான போட்டோ பிளாக் மை இறங்கினால் கறுப்பு சாம்பலாக வெளிறிவிடும்.

சின்னச் சின்னக் கட்டங்களாக நிறங்கள் உள்ள டார்கெட் தாளை அடிக்கும்போது, நிறத்தைத் தானாகத் திருத்தும் கலர் மேனேஜ்மென்ட் முழுக்க அணைந்திருக்க வேண்டும். நான் டிரைவரில் அதை அணைக்க மறந்து முதல் தாளைக் கெடுத்தேன். மெஷின் ஏற்கெனவே திருத்திய நிறத்தை அளந்து என்ன பயன்?

அடித்ததும் அளக்காதே. நம் பழைய போட்டோ லேப் முதலாளி ஈரப் பிரிண்டைக் கையில் எடுத்தாலே அதட்டுவாரே, "காஞ்சப்புறம் கலர் சொல்லுடா" என்று? ஈரத்தில் நீலமாகத் தெரியும் படம் காய்ந்ததும் சரியாகிவிடும். இங்கும் மை காய்ந்து அடங்க ஒரு நாள் விடு. மறுநாள் வரிசை வரிசையாக மீட்டரை இழுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பீப். வேகம் கூடினால் அந்த வரியைத் திரும்பப் படி என்று கேட்கும். 918 கட்டத்துக்கு முக்கால் மணி நேரம்.

உன் பேப்பர் டியூப்லைட்டில் பளீரென்று நீலம் கலந்த வெள்ளையாக இருக்கிறதா? அப்படியானால் அதில் வெள்ளையைத் தூக்கிக் காட்டும் பிரைட்டனர் என்ற ரசாயனம் இருக்கலாம். அதை எம்1 முறையில், அதாவது புற ஊதாவும் சேர்ந்த பகல் வெளிச்சத்துக்கு ஏற்றபடி, அளப்பது நல்லது. இல்லாவிட்டால் மீட்டர் சொல்லும் நிறமும் கண்ணுக்குத் தெரியும் நிறமும் ஒத்துப்போகாமல் போகலாம்.

அளந்ததை வைத்து ஆர்கில் செய்து தந்த புது ப்ரொஃபைலில் அதே படத்தை அடித்தேன். அரக்கு அரக்காகவே வந்தது, மடிப்பு நிழலில் உள்ள கருஞ்சிவப்பு உட்பட. அதற்காக மேட் பேப்பரில் பளபளப் பேப்பரின் ஆழ்ந்த கறுப்பை எதிர்பார்க்காதே; எந்த ப்ரொஃபைலாலும் அது வராது. ஆனால் சாஃப்ட் ப்ரூஃப் போட்டால் எந்த நிறம் மங்கும் என்று முன்கூட்டியே ஸ்கிரீனில் தெரிந்துவிடும். 1993-ல், நாம் இருட்டறையில் ஃபில்டரைத் திருப்பித் திருப்பி டெஸ்ட் அடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், அடோபி, ஆப்பிள், கோடாக் எல்லாம் கூடி, இந்த ப்ரொஃபைல்களுக்குப் பொது விதி வகுக்கும் ஐசிசி என்ற சர்வதேச கலர் அமைப்பை அமைத்தார்கள். இருபது வருஷம் முன்னாலேயே இதைக் கற்றிருக்கலாம் என்று தோன்றுகிறது.

சரி, மீட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. டார்கெட் ஃபைலை அனுப்புகிறேன். உன் மெஷினில், உன் பேப்பரில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து மதுரை பஸ்ஸில் கொடுத்துவிடு. மாட்டுத்தாவணியில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். எந்த மீடியா டைப் வைத்தாய் என்பதைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் இருட்டறைக் கூட்டாளி