சொற்களை வேரோடு தாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் நீங்கள் வெளியிடும் ஆங்கிலச் சொற்பட்டியலை ஒன்றுவிடாமல் படிப்பவள் நான். நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவள் என்பதால் அந்தப் பகுதியின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன். சென்ற இதழில் மைக்ரோபயாலஜி, தெர்மாமீட்டர், ஆர்க்கியாலஜி ஆகிய மூன்றும் இருந்தன. எதிரே தமிழ்ப் பொருள், அத்தோடு முடிந்தது. மூன்றும் கிரேக்க வேர்களால் கட்டப்பட்டவை என்று ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

நீங்கள் தந்திருந்த தமிழ்ச் சொற்களையே பாருங்கள். நுண்ணுயிரியல்: நுண், உயிர், இயல். கிரேக்கத்தில் ‘மிக்ரோஸ்’ என்றால் சிறியது, ‘பயோஸ்’ என்றால் வாழ்வு, ‘லோகோஸ்’ என்றால் பேச்சு, விளக்கம். வெப்பமானியும் தொல்லியலும் அப்படியே. ஒளிச்சேர்க்கை இன்னும் அழகு. ‘போட்டோ’ ஒளி, ‘சிந்தசிஸ்’ ஒன்றுசேர்த்தல். நம் கலைச்சொல் அறிஞர்கள் கிரேக்கச் சொல்லைப் பிரித்து, துண்டுக்குத் துண்டு தமிழ் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தமிழ் வழியில் அறிவியல் படித்த பிள்ளைக்கு அந்த ஆங்கிலச் சொல்லின் உள்கட்டுமானம் ஏற்கெனவே பாதி தெரியும். அது தனக்குத் தெரியும் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கமே இதுதான்.

வேர் தெரிந்தால் எழுத்துப்பிழையும் குறையும். ‘பி’யும் ‘எச்’சும் சேர்ந்து ‘ஃப’ ஒலி தந்தால் அது பெரும்பாலும் கிரேக்கச் சொல். சைக்காலஜிக்கும் நிமோனியாவுக்கும் முன்னால் ஊமையாக நிற்கும் ‘பி’யும் கிரேக்கத்திலிருந்து வந்ததே, அங்கே அது உச்சரிக்கப்பட்டது. ஹெலிகாப்டரை ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று பிரிப்பதுதான் வழக்கம். உண்மையான வெட்டு வேறிடத்தில் இருக்கிறது: ‘ஹெலிகோ’ திருகுச் சுருள், ‘ப்டெரோன்’ சிறகு. டெரோடாக்டைல் என்ற பழங்காலப் பறக்கும் விலங்கின் பெயரில், முதல் ‘பி’ ஒலிக்காமல், நிற்பதும் இதே சிறகுதான். வகுப்பில் இதைச் சொன்ன நாளில் பிள்ளைகளின் முகம் மலர்ந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

இது தேர்வோடு நிற்கும் விஷயமும் அல்ல. ‘ஹைப்பர்’ என்றால் மேலே, மிகுதி. ‘ஹைப்போ’ என்றால் கீழே, குறைவு. ஹைப்பர்கிளைசீமியா, ஹைப்போகிளைசீமியா இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். ஒன்றில் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, மற்றதில் இறங்கியிருக்கிறது. இறங்கியவருக்கு உடனே இனிப்பு தர வேண்டும். ஏறியவருக்குத் தந்தால் கேடு. மருத்துவச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பவர்களுக்கு இந்த இரண்டு முன்னொட்டுகளாவது தெரிந்திருக்க வேண்டும். ரத்தசோகையைக் குறிக்கும் அனீமியாவின் முதலில் நிற்கும் ‘அன்’ இல்லை என்று பொருள் தருவது. ‘அநாதி’யில் வரும் ‘அன்’னும் அதுவே. வடமொழியும் கிரேக்கமும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் வந்த ஒற்றுமை இது.

ஆனால் வேரைக் கொடுக்கும்போது எச்சரிக்கையும் கூடவே வர வேண்டும். குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் பீடியாட்ரிக்ஸில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். பாதசாரியைக் குறிக்கும் பெடஸ்ட்ரியனில் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர். இரண்டும் எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றும். வேர்ப்பொருள் எப்போதும் உண்மையும் ஆகாது. ஆக்சிஜன் என்றால் ‘அமிலத்தை உண்டாக்குவது’. எல்லா அமிலங்களிலும் அது இருக்கிறது என்று நம்பி வேதியியலாளர் லவாய்சியே அந்தப் பெயரை வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று 1810இல் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர் காட்டிவிட்டார். பெயர் மட்டும் நின்றுவிட்டது. தமிழில் உயிர்வளி என்று சொன்னபோது அந்தப் பிழை நம்மிடம் வரவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அணுவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும், ‘பிளக்க முடியாதது’ என்று பொருள்படும் ‘ஆட்டம்’ என்ற சொல்லும் அப்படித்தான். 1897இல் அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் அதே பெயர்தான்.

இன்னொன்று, ஆசைக்காகச் சொல்கிறேன். ஹிப்போபொட்டாமஸ் என்றால் கிரேக்கத்தில் ஆற்றுக்குதிரை. நாம் அதை நீர்யானை என்கிறோம். ஒரே விலங்கில் அவர்கள் குதிரையைக் கண்டார்கள், நாம் யானையைக் கண்டோம். இப்படி ஒரு செய்தியோடு வரும் சொல்லை எந்தப் பிள்ளை மறக்கும்?

ஆகவே என் வேண்டுகோள்: பட்டியலில் கிரேக்க வேருள்ள சொல் வரும்போது அதைப் பிரித்துக் காட்டுங்கள்; பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லையும் பிரித்து வையுங்கள். அதே வேரில் பிறந்த வேறு இரண்டு சொற்களைக் கொடுத்து, பொருளை மாணவர்களையே ஊகிக்கச் சொல்லுங்கள். இடம் போதாது என்றால் வாரம் பத்துச் சொற்களை நான்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்