தங்கவயலிலும் நின்று பார்க்க ஓர் இடம் கொடுங்கள்

கோலார் தங்கவயலின் பழைய கழிவு மண்மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கத் திட்டமிடும் மத்திய, கர்நாடக அரசு அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவில் கால்கூர்லிக்குப் போயிருந்தேன். பெர்த்திலிருந்து கிழக்கே கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். அங்கே 'சூப்பர் பிட்' என்று ஒரு தங்கச் சுரங்கம், நம் ஊர் மாதிரி கேஜில், அதாவது இரும்புக் கூண்டில், இறங்குகிற சுரங்கம் இல்லை, வானம் பார்த்த பள்ளம். ஏறக்குறைய 3.5 கிலோமீட்டர் நீளம், 1.5 கிலோமீட்டர் அகலம், 600 மீட்டருக்கு மேல் ஆழம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அதன் விளிம்பில், கம்பி வலைக்கு இந்தப் பக்கம், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் நின்று பார்க்கலாம். வெடி வைக்கிற நேரத்தைக்கூட முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

நான் ஒரே ஒரு லாரியைத் தேர்ந்தெடுத்து, அடியிலிருந்து மேலே வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 200 டன்னுக்கு மேல் பாறை சுமக்கிற வண்டி, தூரத்தில் தீப்பெட்டி அளவுதான். சாம்பல் நிறப் பாறையில் கிளம்பி, வளைந்து வளைந்து ஏறி, மேலே செம்மண் அடுக்குக்கு வந்து சேர்வதற்குள் என் கால் கடுத்துவிட்டது. அப்புறம்தான் எதிர்ச் சுவரைக் கவனித்தேன். அங்கங்கே கறுப்பாக ஓட்டைகள். 1893-இல் பாடி ஹானனும் அவர் கூட்டாளிகள் இருவரும் அந்த வட்டாரத்தில் தங்கம் கண்டபிறகு, ஆட்கள் கையால் குடைந்த பழைய சுரங்க வழிகள் அவை. தனித்தனியாகக் கிடந்த அந்தச் சுரங்கங்களை எல்லாம் சேர்த்துத்தான் பின்னாளில் இந்தப் பெரிய பள்ளத்தைத் தோண்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அவர் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் நின்ற இடத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பார்க்கவும் முடியாது. தங்கவயலில் தங்கம் இருந்தது மெல்லிய பாறையில், அது செங்குத்தாகக் கீழே கீழே போனது, ஆட்களும் அதன் பின்னாலேயே 3 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் ஜனங்கள்தான் அதில் பெரும்பாலோர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான அந்த உழைப்பில் இன்றைக்கு வெளியே தெரிவது ஷாஃப்டின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியின், மேலே நிற்கிற இரும்புக் கோபுரங்களும், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்ணான சயனைடு மேடுகளும்தான். காற்றுக் காலத்தில் அந்த மேட்டு மண் வீட்டுக்குள் வந்து விழும், தொழிலாளர் லைன் வீட்டில் அம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை பெருக்குவார்.

இப்போது அந்த மேடுகளில் 13-ஐத் திறக்க 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. சரி, எடுங்கள், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் முதல் மண்ணை அள்ளும் முன்னால் ஒரு பழைய ஷாஃப்டின் பக்கத்தில், இரும்புக் கோபுரம் கண்ணில் படுகிற மாதிரி, ஒரு மேடை கட்டுங்கள். நடக்கிற வேலையும் அங்கிருந்து தெரியட்டும், டிக்கெட் வேண்டாம். கீழே எத்தனை ஆழம், எந்த வருஷம் எங்கே பாறை வெடித்துச் சரிந்தது, யார் யார் திரும்பி வரவில்லை என்று ஒரு பலகையில் பேரோடு எழுதுங்கள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதுங்கள், இறங்கினவர்கள் பேசிய மொழிகள் அவை.

கால்கூர்லியில் எடுத்த படங்களை அம்மாவிடம் காட்டினேன். அந்தச் சுவர் ஓட்டைகளை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தா இருந்த இடமும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டார். அவருக்கு 74 வயது, முழங்கால் வலி. மேடை கட்டும்போது படியை உயரமாக வைத்துவிடாதீர்கள்.